மடிக்கும் லேப்டாப்பும் மாமாவின் பெயரும்

பவி,

நாவலூர் வீட்டில் பால் காய்ச்சிய கையோடு வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தாய். "அம்மா, ஆபீஸ்ல இனிமே பாதி நாள் வீட்ல இருந்தே வேலை பாருங்கன்னுட்டாங்க. உன்னோடது மாதிரியே மடிக்கிற லேப்டாப் வாங்கட்டுமா?" அதற்குக் கீழேயே இன்னொன்று. "அப்புறம், கல்யாணத்துக்கு முன்னாடி படப்பைல என்னதான் நடந்துச்சு? மாமாகிட்ட கேட்டா சிரிக்கறாரு." இரண்டுக்கும் சேர்த்துக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு நான் சும்மா இருந்துவிட்டேன். அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை என்று நினைத்திருப்பாய். பதில் தெரியும். இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் போய் முடிகிறது என்பதுதான் சிக்கல். அதை வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதி படித்துவிட்டு "ஓகேமா" என்று அனுப்பிவிடுவாய். உன்னைப் பெற்றவளுக்கு உன்னைத் தெரியாதா? அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுப்பில் எதையும் வைத்துவிட்டு இதைப் படிக்காதே.

நான் எப்படி இந்த மடிக்கும் லேப்டாப்புக்கு வந்தேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன். நீ பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து முடிச்சூர் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். சுவரை ஒட்டி ஒரு மேசை, மேசைமேல் பெரிய மானிட்டர், சுவரைப் பார்த்து நான். பத்திரிகை பார்க்க எந்தக் குடும்பமும் ஒருவர் இருவராக வந்ததில்லை. பெண்ணின் அப்பா, பெரியப்பா, பெரியப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா, இவர்களைச் சமாளிக்க ஓர் அத்தை என்று படையாக வருவார்கள். அத்தனை பேரும் என் முதுகுக்குப் பின்னால் நின்று, தலைக்கு மேல் குனிந்து, "எம் பேரு அவரு பேருக்கு மேல வரணும்" என்பார்கள். யார் சொன்னது என்று திரும்புவதற்குள் இன்னொருவர் வேறு மாதிரி சொல்வார். எனக்குக் கழுத்து வலி வந்தது எழுத்து அடித்து அல்ல, திரும்பித் திரும்பிப் பார்த்து. இது போதாதென்று வெள்ளத்தில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி முழுகிப் போனதும், அடுத்து வாங்கியதை மழை வலுக்கும்போதெல்லாம் அப்பா குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடியதும் உனக்குத் தெரியும். எனக்கு வேண்டியது இரண்டே. திரையை வந்தவர்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். மழை வந்தால் அக்குளில் இடுக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டும்.

அப்படித்தான் நாம் இருவரும் தாம்பரத்தில் அந்தக் கடைக்குப் போனோம். அங்கிருந்த விற்பனைப் பையன் என்னைப் பார்க்கவே இல்லை. உன்னைப் பார்த்து, "மேடம், ஆன்லைன் கிளாஸா, கேமிங்கா?" என்றான். எனக்குத்தான் என்று நான் சொன்னதும் அவன் குரல் இரண்டு படி இறங்கியது. "அம்மாவுக்கு யூடியூப் பாக்கறதுக்குன்னா சின்னதா ஒரு டேப் போதுமே மேடம்." எனக்கு வந்த கோபத்தை நீ கவனித்தாய், என் கையைக் கிள்ளினாய். அங்கே இருந்ததிலேயே நல்லதை எடுத்து, திரையைப் பின்னால் தள்ளி, தள்ளி, முழுவதுமாக முதுகோடு முதுகு ஒட்டும்வரை மடித்தேன். "மேடம் மேடம், மெதுவா!" என்று ஓடிவந்தான். "மடிக்கறதுக்குத்தானே தம்பி விக்கறீங்க? இங்க ஒடஞ்சா உங்களோடது, வீட்ல ஒடஞ்சா என்னோடது. இங்கயே பாத்துடறேன்" என்றேன். நீ எனக்கும் உனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் டி.வி. பிரிவின் பக்கம் நகர்ந்துவிட்டாய். பரவாயில்லை. ஆனால் இப்போது நீ வாங்கப் போகும்போது அதையேதான் செய்ய வேண்டும்.

ஏனென்றால் இந்த வகை லேப்டாப்பில் உயிர் இருப்பது திரையும் கீபோர்டும் சேருகிற கீலில். மற்றதெல்லாம் பெட்டிமேல் அச்சடித்திருப்பார்கள், கீலைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. திரையைச் சாதாரணமாகத் திறந்து வைத்துக்கொண்டு விரலால் நான்கு தட்டு தட்டிப் பார். ஒவ்வொரு தட்டுக்கும் திரை தலையை ஆட்டினால் அதை அங்கேயே விட்டுவிட்டு வா. பிறகு கூடாரம்போல் கவிழ்த்து நிறுத்திப் பார், வழுக்கிக்கொண்டு படுத்துவிடக் கூடாது. முழுக்க மடித்துப் பலகைபோல் கையில் ஏந்திக்கொண்டு கடையை ஒரு சுற்று சுற்று. லேப்டாப்பாக மடியில் இருக்கும்போது எடை தெரியாது, கையில் ஏந்தினால்தான் தெரியும். படுத்துக்கொண்டு கதை படிக்கலாம் என்று கனவு காணாதே, கை தூங்கியதும் அது உன் மூக்கின்மேல் விழும். திரையும் கீபோர்டும் தனித்தனியாகக் கழன்று வருகிற வகை ஒன்று உண்டு, அது இலேசுதான். ஆனால் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்பதற்கு மேசை வேண்டும், மடியில் வைத்தால் சாயும். நீ கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலை செய்கிறவள், அது உனக்கு ஆகாது.

மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று நீ எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். வேகமான, கனமான லேப்டாப் ஒன்று வாங்கிக்கொள், வரைவதற்குத் தனியாக ஒரு பலகை வாங்கிக்கொள் என்றிருப்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாள் முழுக்கத் தட்டச்சு மட்டும் செய்கிறவர்களுக்கு மடிப்பு ஒரு தண்டச்செலவு. வாங்கின புதிதில் வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் மடித்துக் காட்டுவார்கள், அப்புறம் அது வெறும் லேப்டாப்தான். ஆனால் நீ செயலிகளுக்குத் திரை வடிவமைக்கிறவள். எந்தப் பொத்தான் எங்கே வர வேண்டும் என்று பேனாவால் கிறுக்கிப் பார்க்கிறவள். உனக்குப் பேனாவும் மடிப்பும் தினமும் உதவும். பேனா பெட்டிக்குள்ளேயே வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று கேள். அது லேப்டாப்பின் உடம்பிலேயே செருகிக்கொள்கிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. என்னுடையது அப்படி இல்லை. ஒருமுறை அப்பா அதைப் பேனா என்று நினைத்து பேங்குக்கு எடுத்துக்கொண்டு போய், அங்கே செலானில் எழுதிப் பார்த்து, மை தீர்ந்துவிட்டது என்று குப்பைத்தொட்டியில் போடப் பார்த்தார். எழுதி முடித்ததும் பேனாவைக் கீபோர்டு மேலேயே விட்டு மூடியைச் சாத்திவிடாதே. தொடுதிரைக் கண்ணாடி விரிசல் விட்டால் மாற்றுகிற செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்பார்கள்.

மெமரியைப் பின்னால் கூட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. இந்த மெல்லிய வகையில் பெரும்பாலும் உள்ளேயே ஒட்டி வைத்துவிடுகிறார்கள், வாங்கும்போதே பதினாறு ஜி.பி.யாக எடுத்துவிடு. பெண்டிரைவ் செருக அகலமான துளை ஒன்றாவது இருக்கிறதா என்று பக்கவாட்டில் பார். திரை கண்ணாடிபோல் பளபளக்கும், உங்கள் பால்கனி வெளிச்சத்தில் உன் முகம்தான் தெரியும். அதனால் கடைக்காரனிடம் சொல்லி வாசல் பக்கம் எடுத்து வந்து பார்த்து வாங்கு. மடித்து வைக்கும்போது கீபோர்டு அடிப்பக்கம் போய்விடும் என்பது நினைவிருக்கட்டும், சமையல் மேடையில் ஈரம் துடைக்காமல் வைக்காதே. இதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் படப்பை மாமாவிடம் போக வேண்டும்.

மாமா என் அண்ணன் என்பதும், படப்பையில் பரோட்டா கடை வைத்திருக்கிறார் என்பதும் உனக்குத் தெரிந்ததுதான். உனக்குத் தெரியாதது, உன் நிச்சயதார்த்தத்தில் நான் செய்த ஒரு காரியம். மாப்பிள்ளையின் அம்மா, "உங்க அண்ணா என்ன பண்றார்?" என்று கேட்டார். "ஹோட்டல் வச்சிருக்கார்" என்றேன். பரோட்டா கடை என்று வாய் வரைக்கும் வந்தது, எப்படியோ ஹோட்டலாகிவிட்டது. மாமா பக்கத்தில்தான் நின்றிருந்தார். வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டார். நான் அப்போதே அதை மறந்துவிட்டேன், அவர் மறக்கவில்லை.

பிறகு உன் பத்திரிகை. ஊரார் பெண்களுக்கெல்லாம் எத்தனையோ பத்திரிகை அடித்தவள், என் பெண்ணுக்கு அடிக்கும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் முதலில் அடித்தது உன் பெயரைக்கூட இல்லை, கீழே இடது ஓரத்தில் "தாய்மாமன்" என்று போட்டு அண்ணன் பெயரைத்தான். பெயர்களை மாற்றிப் போடச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் ஒவ்வொரு பெயரையும் தனித்தனிப் பெட்டியாக வைப்பது என் பழக்கம். இழுத்தால் அந்தப் பெயர் மட்டும் நகரும். அந்த ஞாயிற்றுக்கிழமை நம் பக்கத்துச் சொந்தம் எல்லாம் வந்திருந்தது. நீ புடவைக்கு பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போயிருந்தாய். லேப்டாப்பைக் கூடாரம்போல் டீப்பாயில் நிறுத்தி, பக்கத்தைப் பெரிதாக்கி, திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தேன். எதிரே நாற்காலியில் ராணிபோல் உட்கார்ந்துகொண்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் லேப்டாப்பின் கீபோர்டும் அவர்கள் முகமும்தான். ஒவ்வொருவராகக் குனிந்து, தன் பெயரைத் தேடி, விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனார்கள். "தோ கீது பாரு எம் பேரு! ஷோக்கா போட்டுகீற!" என்று மாமா சத்தமாகச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

வழக்கமாக நான் ஒரு தாளில் அச்செடுத்து, வீட்டுப் பெரியவர் ஒருவர் ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் பேனாவால் டிக் போட்ட பிறகுதான் அச்சகத்துக்கு அனுப்புவேன். நம் வீட்டுக் காரியம், எல்லோரும் கண்ணால் பார்த்தாயிற்று என்று இந்தத் தடவை அதைச் செய்யவில்லை. அன்று மாலை முகூர்த்த நேரம் பார்த்தேன், மண்டப முகவரி பார்த்தேன், மாப்பிள்ளையின் படிப்பைப் பார்த்தேன். கீழே இடது பக்கம் ஒரு வரி அளவுக்கு இடைவெளி அதிகமாகத் தெரிந்தது. பார்க்க நன்றாயில்லை. மேலே கீழே இருந்த பெயர்களைக் கொஞ்சம் நெருக்கி, அழகாக்கி, அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

பத்திரிகை வந்ததும் மாப்பிள்ளை வீட்டார் அவர்கள் பங்குப் பத்திரிகைகளை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். நாங்கள் சாமிக்கு ஒன்று வைத்துவிட்டு, அடுத்ததை, முறைப்படி, மாமாவுக்குக் கொண்டுபோனோம். தட்டில் பழம், வெற்றிலை, பூ, மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகை. கடையில் காலை நேரத்துக் கூட்டம். மாமா பரோட்டாக் கல்லை விட்டு வந்து, கையைத் துடைத்து, தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். பத்திரிகையைக் கையில் வாங்குகிற யாரும் மணமக்கள் பெயரை முதலில் படிப்பதில்லை, கீழே தன் பெயரைத்தான் தேடுவார்கள் என்பது என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. மாமா தேடினார். பின்பக்கம் திருப்பினார். மறுபடி முன்பக்கம். அப்போதுதான் நானும் பார்த்தேன். பெயர் இல்லை. அவர் பத்திரிகையைப் பழைய மடிப்பிலேயே மடித்துத் தட்டில் திரும்ப வைத்தார். "சாப்ட்டு போங்க" என்று சொல்லிவிட்டுக் கல்லுக்குப் போய்விட்டார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அங்கேயே தீர்ந்திருக்கும்.

மறுநாள் மாமா வீட்டிலிருந்து அத்தை போன் செய்தார். "அவரு கல்யாணத்துக்கு வர மாட்டேன்றாரும்மா. சீரு மட்டும் என்கிட்ட குடுத்து அனுப்பறாராம். மாப்ள வூட்ல எல்லாம் பட்ச்சவங்க, பரோட்டா கடக்காரன் பேரு கார்டுல இருந்தா ஒரு மாரியா இருக்கும்னு தங்கச்சி வுட்டுடுச்சுன்றாரு." நான் போனை வைத்தேன். அப்பா, "ஒரு வரிதானே, திரும்ப அடிச்சிடலாம் விடு" என்றார். உன் அப்பாவுக்கு எதுவும் ஒரு வரிதான். வெறும் பிழை என்றால் நானும் அழுதிருக்க மாட்டேன் பவி. "ஹோட்டல் வச்சிருக்கார்" என்று நான் சொன்ன அந்தக் குரல் அப்போதுதான் எனக்கே கேட்டது. என் அம்மா அப்பா இரண்டு பேரும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அவர் ஒருவர்தான். உன் மணமேடையில் அவர் இடம் காலியாக இருந்தால், அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படியை நான் எந்த முகத்தோடு ஏறுவது?

லேப்டாப்பைத் திறந்து பத்திரிகையை எடுத்தேன். எங்கேயும் இல்லை. நான் அடிக்கவே இல்லையோ, நானே அறியாமல் விட்டுவிட்டேனோ என்று என்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. வேறு வழி தெரியாமல் பக்கத்தைச் சுருக்கினேன். பக்கம் சிறிதாகச் சிறிதாக அதைச் சுற்றியிருக்கும் வெற்றிடம் தெரிந்தது. இடது பக்கம், பத்திரிகையின் ஓரத்துக்கு அந்தப் பக்கம், "தாய்மாமன்" என்று தலைப்போடு அவர் பெயர் தனியாக நின்றுகொண்டிருந்தது. அழியவில்லை. பக்கத்துக்கு வெளியே இருப்பது அச்சில் வராது, அவ்வளவுதான். அன்றைக்கு யாரோ விரல் வைத்துக் காட்டியபோது இழுபட்டிருக்கிறது. யார் என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு படப்பைக்கு பஸ் ஏறிவிட்டேன்.

மதியக் கூட்டம் முடிந்து, மாமா மாலைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார், அத்தை பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா, இந்த வெயில்ல வந்துகினு கீற? குந்து. இன்னா சாப்புடற?" என்றார்.

"சாப்பிட வரலண்ணா. இதை ஒரு நிமிஷம் பாருங்க."

"அத்த இன்னாத்துக்கு பாக்கறது? அட்ச்சது அட்ச்சாச்சு. எனக்கு ஒண்ணியும் கோவம் இல்ல."

"கோவம் இல்லன்னா கல்யாணத்துக்கு வாங்க."

"கடை கீதே. யாரு பாத்துக்கறது?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியவில்லை. "இன்னாண்ணா நெனச்சுகினு கீற என்னைப் பத்தி? உன் பேர நான் எடுத்துருவனா? எவன் வூட்டுக்கு பயந்துகினு எடுப்பேன்?" இருபத்தைந்து வருட முடிச்சூர் காலனி வாசத்தில் நான் மடித்து உள்ளே வைத்திருந்த பிறந்த வீட்டுப் பேச்செல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது. டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் கிளாஸோடு வெளியே போய்விட்டார். மாமா மாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். வெகு நாளைக்குப் பிறகு அவர் என்னை நேராகப் பார்த்த மாதிரி இருந்தது.

மேசையைத் துடைத்து, லேப்டாப்பை முழுக்க மடித்துப் பலகையாக வைத்து, பக்கத்தைச் சுருக்கிக் காட்டினேன். "பாருங்க. அடிச்சேன். இங்க இருக்கு. யாரோ தொட்டதுல வெளிய போயிடுச்சு." அவர் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "கரீட்டாதாம்மா கீது. வெளியதான வெச்சுகீற" என்றார்.

அவரே தொடர்ந்தார். "அன்னிக்கு இங்கதாம்மா இருந்துச்சு. என் கண்ணால பாத்தனே. தோ, இந்த எடத்துல..." என்று சொல்லிக்கொண்டே மாவு ஒட்டிய விரலைத் திரையில் அழுத்தி, என் பக்கம் திரும்பினார். நான் நெருக்கி வைத்ததில் அந்த இடத்தில் இப்போது உன் அப்பா பெயர் இருந்தது. அது அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தது. பக்கத்தின் ஓரத்தைத் தாண்டிப் போய், மாமா பெயருக்குப் பக்கத்தில் நின்றது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் சிரித்தது அத்தை. "போச்சு! பொண்ணோட அப்பாவையும் இஸ்துகினு வந்து வெளிய வுட்டுட்டியா! அன்னிக்கும் நீதான் இந்த வேல பண்ணிகீற!"

மாமா விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். முகம் சிறுத்துவிட்டது. "நான்தான் தள்ளி வுட்டனா? நானே தள்ளி வுட்டுட்டு உன்னப் போயி..." என்று இழுத்தார். அவர் அப்படி நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. "நீங்க மட்டும் இல்லண்ணா" என்றேன். "உங்க பேரு போன எடம் காலியா இருந்துச்சு. எனக்கு அது தெரிஞ்சுது. யாரு இருந்த எடம்னு ஒரு நிமிஷம் யோசிக்கல. பாக்க நல்லா இல்லன்னு நெருக்கி மூடிட்டேன். அந்த ஹோட்டல் பேச்சும் என் தப்புதான்." அவர் தோளில் கிடந்த துண்டால் திரையில் இருந்த மாவைத் துடைத்தார். ரொம்ப மெதுவாகத் துடைத்தார், மறுபடி எதுவும் நகர்ந்துவிடக் கூடாதே என்று.

பிறகு அவரே கேட்டார், "இத்த உள்ள இட்டாரலாமா?" நான் அப்பா பெயரை அதன் இடத்தில் விட்டேன். மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் பெயரை விரலால் இழுத்தார். பாதியில் இன்னொரு விரலும் பட்டு அது கொஞ்சம் சாய்ந்தது. நான் மூடிவிட்ட இடத்தில் சேர இடம் போதாமல் மேல் வரியை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தது. "போதும்மா, உள்ள வந்துருச்சு" என்றார். வீட்டில் மிச்சமிருக்கும் பத்திரிகையை எல்லாம் திரும்ப அடிக்கிறேன் என்றேன். "வேணாம். எங்க சைடுக்கு நானே போயி குடுத்துகினு வரேன். கார்டுல இல்லன்னா இன்னா, ஆளு போறேன்ல?" என்றார். அத்தை எனக்கு இரண்டு பரோட்டா போட்டுக் கொடுத்தார். அழுதுகொண்டே சாப்பிட்டேன், அதை வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இதுதான் படப்பையில் நடந்தது. யாரும் சொல்லாத ஒன்று என்றேனே, அது இதுதான். திரையை அடுத்தவர் பக்கம் திருப்புவதற்கு முன்னால் தொடுதலை அணைத்து வை, அல்லது எதுவும் நகராதபடி பூட்டு. செட்டிங்கில் அதற்கு வழி இருக்கிறது. உன் மாமியார் பார்க்க ஆசைப்பட்டால் காட்டு, விரல் வைத்துச் சந்தோஷப்படட்டும், தொடாதீங்க என்று மட்டும் சொல்லிவிடாதே. வேலை முடிந்ததும் பக்கத்தைச் சுருக்கி, வெளியே எதுவும் நிற்கிறதா என்று ஒரு பார்வை பார். மற்றபடி மடிக்கும் லேப்டாப்பே வாங்கிக்கொள். மாப்பிள்ளையிடம் நான் சொன்னேன் என்று சொல், மறுக்க மாட்டார்.

ஒன்று மிச்சமிருக்கிறது. அன்றே மாமா கடையில் உட்கார்ந்தபடி பத்திரிகையைப் படமாக்கி நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். ஆபீஸிலிருந்து உடனே உன் பதில் வந்தது. "அம்மா, மாமா பேர் மட்டும் சாஞ்சிருக்கு, மேல் வரியோட முட்டுது. நேராக்கி அனுப்பு." ராத்திரி வீட்டுக்கு வந்தும் கேட்டாய். கல்யாண ஆல்பத்துக்குப் பத்திரிகை கேட்டபோதும், "இப்பவாவது நேராக்கு, என் ஆபீஸ்ல பாத்தா சிரிப்பாங்க" என்றாய். நான் கண்ணாடி தேடுவதுபோல் எழுந்து போய்விட்டேன். நேராக்குவதற்கு எனக்கு ஒரு நொடி போதும், என் தொழிலே அதுதான். ஆனால் பார்க்க நன்றாயிருக்கட்டும் என்று நான் சரிசெய்ததில்தான் என் அண்ணன் இருந்த இடம் மூடிப்போனது. அவர் தன் கையாலேயே வந்து சேர்ந்த இடத்தில் இன்னொரு முறை என் கையை வைக்க எனக்கு மனசு வரவில்லை பவி.

அம்மா